சிரிப்புக்குப் பின்னால்

பலெர்மோவில் இருந்து பேசுகிறேன். இங்குள்ள தியாத்ரோ மாசிமோ அரங்கு 1897இல் வெர்டியின் 'ஃபால்ஸ்டாஃப்' என்ற நகைச்சுவை இசைநாடகத்தோடுதான் திறக்கப்பட்டது. அப்படியொரு நாடகம் மேடையேறும் கதை, மைக் லீ இயக்கிய 'டாப்ஸி-டர்வி' (1999). கில்பர்ட்டும் சல்லிவனும் 1885இல் லண்டன் சவோய் அரங்கில் 'மிகாடோ'வை மேடையேற்றியதைச் சொல்லும் படம்.

நான் தாதி. என் கண்ணில் முதலில் பட்டவை நோய்கள்தான். சிறுநீரக நோயோடு படுக்கையிலிருந்து எழுந்துபோய் இசைக்குழுவை நடத்துகிறார் சல்லிவன். சிரிப்பு நடிகர் குரோஸ்மித், மேடையேறுமுன் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்கிறார். சபை சிரிக்கிறது. அவர்களின் வலி சபைக்குத் தெரியாது.

இன்னொரு காட்சி. ஜப்பானியப் பெண்களை ஒத்திகைக்கு அழைத்து நடந்துகாட்டச் சொல்கிறார் கில்பர்ட். ஆங்கில நடிகைகள் அந்த நடையைப் பழகுகிறார்கள். அந்தப் பெண்களின் கதையை யாரும் கேட்பதில்லை. நாடகம் 672 முறை நடந்தது. அதில் அவர்களுக்கு ஒரு வசனமும் இல்லை.

இங்கே இத்தாலிய முதியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிடும் நம் பெண்களை நினைத்துக்கொண்டேன். அந்த வீடுகளுக்கு நம் கைகளைத் தெரியும், கதை தெரியாது. அதை நாம்தான் எழுதவேண்டும்.