எங்கள் நாகசுரம் எவ்வளவு பழையது?
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கத்துப் பழம்பொருட் பெட்டியில் ஒரு நாகசுரம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஒட்டுசுட்டான் பக்கத்து முதியவர் ஒருவர் தந்தது. 1803இல் கற்சிலைமடுவில் தோல்வியுற்ற பண்டாரவன்னியன் காலத்தது என்றார். நாமும் மகிழ்ந்து அப்படியே சீட்டு எழுதிவிட்டோம். இளைஞர் சிலர் அதை மறுத்தனர். அவர்கள் மறுத்தது நியாயமே.

இத்தாலியிலே பிளாரன்ஸ் நகரில் பிரான்சியோலினி என்றொரு வியாபாரி இருந்தார். பழைய துண்டுகளை ஒட்டியும் பொய்த் தேதி பொறித்தும் வாத்தியங்களைப் புராதனப் பொருளென விற்றவர். 1910இல் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. அவர் கைச்சரக்கு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஸ்டேர்ன்ஸ் தொகுப்பு வரை சென்றிருக்கிறது. படித்தவர்களே ஏமாந்தார்கள்! நமது முதியவரோ ஒரு சதமும் வாங்காதவர். தாம் கேட்டதைச் சொன்னார், அவ்வளவே.

மரம் பழையதாயிற்றே என்பீர்கள். தஞ்சைச் சீமையில் நரசிங்கம்பேட்டை ஆசாரிமார் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த ஆச்சா மரத்தையே விரும்பிக் கடைவார்கள். அவ்வூர் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆகவே மரத்தின் வயது வேறு, குழலின் வயது வேறு. சீவாளியைக் கொண்டும் காலம் சொல்லல் ஆகாது. அது அடிக்கடி மாற்றப்படுவது. அணசும் கழற்றி மாட்டத்தக்கதே.

பின் எதைப் பார்ப்பது? நீளத்தையும் நாதத்தையுந்தான். முன்னாளில் பெரிதும் வழங்கியது திமிரி. குட்டையானது, சுருதி உயர்ந்தது. நீண்டு தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பாரி நாகசுரத்தை எங்கும் பரவச் செய்தவர் 1956இல் மறைந்த திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை. அதில் சுத்த மத்திமம் பிசகாமல் பேசும்படி துளைகளைத் திருத்தி அமைத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி.

நம்மிடமுள்ளதோ ஏறக்குறைய மூன்று அடி. வித்துவான் ஒருவரை அழைத்து, அவருடைய சீவாளியைப் பொருத்தி ஊதச் சொன்னோம். சுத்த மத்திமம் தடையின்றி வந்தது. அவர் குழலைத் துடைத்து வைத்துவிட்டுச் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இதை முதியவரிடம் யார் சொல்வது? 2009இல் வீடும் மாடும் விட்டுப் புறப்பட்டபோது, வேட்டியிலே சுற்றி இதை மட்டும் மார்போடு அணைத்து வந்தவர் அவர். வன்னியில் எத்தனை வீட்டில் இன்று பழம்பொருள் மிஞ்சியிருக்கிறது? பேசாமல் விட்டுவிடுவோமா என்றும் எண்ணினோம், மறைப்பானேன்? ஆனால் நாளை வேறொருவர் வந்து இந்தச் சீட்டு பொய் என்றால், மற்றச் சீட்டுகளையும் நம்பமாட்டாரே.

சென்ற மாதம் இருவர் போய்ச் சொன்னோம். வெகுநேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கட அப்பு கோயில் திருவிழாவிலை இதை ஊதினது எனக்குத் தெரியும், தம்பிமார். அதை எழுதலாமோ?" என்று கேட்டார்.

எழுதலாம் என்றோம். புதிய சீட்டில் அவர் தகப்பனார் ஊதியதும், 2009இல் அது வந்த வழியும் இருக்கின்றன. பண்டாரவன்னியன் பெயரை எடுத்துவிட்டோம். கூட்டம் முடிந்ததும் பெட்டி திறந்திருக்கும், வந்து பாருங்கள்.