பெயருக்கு வந்த பழி

(சங்ககிரியில் தமிழன்பர்கள் கூடிய அவையில் நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)

தமிழ் மேடையில் நாயைப் பற்றியா பேச்சு என்று முகம் சுளிப்பாரும் இங்கிருக்கலாம். எடுத்தனூர்க் கல்லை அறிந்தவர் சுளிக்கார். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் கவர வந்தோரை எதிர்த்து நின்று மாய்ந்த வீரனுக்கு எடுத்த கல் அது. அவ்வீரனுக்கு அருகில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்து அது காவல் நின்ற செய்தி, ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் எழுத்தில் அக்கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. மன்னர் பலரின் பெயர் மண்ணோடு மண்ணாகிவிட, ஒரு நாயின் பெயர் கல்லில் நிற்கிறது!

கடிபட்ட அக்கள்வரின் வீட்டார் கோவிவனை என்னவென்று சொல்லியிருப்பர்? கொடிய விலங்கு என்றிருப்பர். எருமைக்கு உடையவரோ கல்லெடுத்தனர். கடி ஒன்றே, பெயர் இரண்டு. நாய்க்குக் 'கொடியது' என்னும் பெயர் எங்கிருந்து வருகிறது என்னும் கேள்விக்கு வாயில் இதுவே.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2024 மார்ச்சு 12-ஆம் நாள் நடுவணரசின் கால்நடைத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு மடல் விடுத்தது. 23 வகை நாய்கள் மாந்தர் உயிருக்குக் கேடு பயப்பவை. அவற்றை அயல்நாட்டிலிருந்து கொணரவோ, இனம் பெருக்கவோ, விற்கவோ உரிமம் தரலாகாது. முன்பே வளர்ப்போர் அவற்றுக்குக் கருத்தடை செய்துவிட வேண்டும் என்பது அம்மடலின் பிழிவு. பிட்புல்லும் இராட்வைலரும் அப்பட்டியலில் இருந்ததில் வியப்பில்லை. ஆனால் பட்டியலை ஊன்றிப் படிப்போர்க்கு வேறு வியப்புகள் காத்திருக்கின்றன. சப்பான் நாட்டுத் தோசா நாய் இருமுறை எண்ணப்பட்டிருக்கிறது. 'டெரியர்' என்னும் ஒற்றைச் சொல்லில் ஒரு பெருங்குடும்பமே அடைபட்டுவிட்டது. எலி பிடிப்பதற்கென்று வளர்த்த குறுநாய்களும் அக்குடும்பத்தவையே. ஒரு புலவன் ஏட்டைப் படியெடுக்கையில் இத்தகைய பிழை செய்தால் அவனைப் பிழைபட்ட கையன் என்று தள்ளிவிடுவர். அரசு செய்தால் அது ஆணை!

அப்பட்டியலில் கங்கால் என்னும் துருக்கி நாட்டு நாயும் உண்டு. ஆட்டுக் கிடைக்குக் காவல் நிற்பதே அதன் பிறவித் தொழில். 1994 முதல் ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டில் இந்நாய்க்குட்டிகளைப் பண்ணையாளர்க்குக் கொடுத்து வருகின்றனர். ஆட்டைத் தூக்க வரும் வேங்கைச் சிவிங்கியை நாய் குரைத்தே விலக்கிவிடுகிறது, ஆடும் பிழைக்கிறது, பண்ணையாளன் சுட வேண்டிய தேவை இல்லாமையால் சிவிங்கியும் பிழைக்கிறது. இரண்டு உயிரைக் காக்கும் நாய், தில்லியின் தாளில் கொலைநாய் ஆயிற்று. மேச்சேரி ஆடு வளர்க்கும் இம்மாவட்டத்து மக்களுக்குக் கிடைநாயின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவ்வாண்டு ஏப்பிரல் 10-ஆம் நாள் கருநாடக உயர்முறைமன்றம் அம்மடல் செல்லாதென்றது. உரியோரைக் கேளாமல் முடிவு செய்தது தவறு என்பது அது காட்டிய காரணங்களுள் ஒன்று.

ஒரு திங்கள் கழியுமுன், மே 5-ஆம் நாள், சென்னை நுங்கம்பாக்கத்து மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து அகவைச் சிறுமியை இரண்டு இராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. பூங்காக் காவலரின் மகள் அவள். தலைத்தோல் கிழிந்து, அறுவை மருத்துவம் செய்ய நேர்ந்தது. நாய்களின் வாயில் பூட்டில்லை. கழுத்து வாரைப் பிடித்த கையும் இல்லை. நாடு கொதித்தது, கொதிக்கத்தான் வேண்டும். தமிழக அரசு அந்த 23 வகைக்கும் தடை என்று சில நாள்களில் அறிவித்து, அறிவித்த விரைவிலேயே திரும்பப் பெற்றது. 2025 திசம்பரில் சென்னை மாநகராட்சி, பிட்புல்லுக்கும் இராட்வைலருக்கும் புதிய உரிமம் தருவதில்லை என்று முடிவு செய்தது.

அச்சிறுமியின் முகத்தை மறந்துவிட்டு நாய்க்கு வழக்காடுவது அறமன்று. ஆனால் அவளைக் காப்பாற்றியிருக்கக் கூடியது எது? பட்டியலா, ஒரு முழ வாரா?

பெயர்ப் பழி எவ்வளவு எளிதில் ஒட்டும், எவ்வளவு எளிதில் கழலும் என்பதற்கு அல்சேசியன் கதை போதும். அது செருமனியின் ஆட்டுநாய். முதல் உலகப்போரில் செருமனி பகையாகவே, பிரித்தானியர் அதன் நாட்டுப்பெயரை நீக்கி 'அல்சேசிய ஓநாய்நாய்' என்று புதுப்பெயர் சூட்டினர். ஒரு பகையை மறைக்கப் போய் ஓநாயைக் கொண்டுவந்து சேர்த்தனர்! ஓநாய் என்னும் சொல் அச்சத்தைப் பெற்றது. 1929-இல் ஆத்திரேலியா, அந்நாய் காட்டுநாயோடு கலந்து ஆட்டு மந்தையை அழித்துவிடும் என்று அஞ்சி அதன் வரவையே தடை செய்தது. அத்தடை நாற்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது. பின்னர் நீங்கியது. இடையில் நாய் மாறவில்லை. 1977-இல் பிரித்தானியாவிலும் அதற்குப் பழைய செருமானியப் பெயர் மீண்டது. இன்று அதே நாய் காவல்துறையின் கைப்பிடியில் நடக்கிறது. பிள்ளைகள் தடவிக் கொடுக்கின்றனர்.

சொல்லின் வலிமையை உணர்ந்த இவ்வவைக்கு இன்னொன்றும் நினைவூட்டத் தக்கது. எவர்க்கும் உரியதாகாமல் தெருவில் திரியும் நம் நாட்டு நாய்க்கு ஆங்கிலேயன் இட்ட பெயர் 'பரையா டாக்'. பறை முழக்கிய தமிழ் மக்களின் பெயரை எடுத்து, இழிவு என்னும் பொருளை அதில் ஏற்றி, நாயின் மேல் ஒட்டினான். மக்களையும் இழித்தான், நாயையும் இழித்தான். இன்றும் நூல்களில் அச்சொல் கூசாமல் வழங்குகிறது. அதே ஆட்சிதான் 1871-இல் குற்றப் பழங்குடிச் சட்டம் என்று ஒன்றை இயற்றி, 1911-இல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டி, தொட்டிற் குழந்தையையும் பிறப்பால் குற்றவாளி ஆக்கியது. 1920-இல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்ற மக்கள் சுட்டு வீழ்த்தப்பட்டனர். மாந்தரை விலங்கோடு நிறுத்துப் பார்ப்பதன்று இது. செயலைப் பாராமல் பிறப்பைப் பார்த்துத் தீர்ப்பெழுதும் எண்ணம் எங்கே விளைந்தது என்பதைக் காட்டுவதே.

அறிவியல் என்ன சொல்கிறது? 2022-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 18,000-க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்போரிடம் வினவியும், 2,000-க்கு மேற்பட்ட நாய்களின் மரபுக்கூற்றைப் படித்தும் ஒரு முடிவை வெளியிட்டனர். தனித்தனி நாய்களின் நடத்தையில் காணும் வேறுபாட்டில் இனம் விளக்கக் கூடியது ஏறத்தாழ 9 விழுக்காடே என்பது அது. எஞ்சியவை அகவை, வளர்ப்பு, பழக்கம், பட்ட அடி, பெற்ற அன்பு முதலியன.

இதைக் கேட்டவுடன் எந்நாயும் ஒன்றே என்று துள்ள வேண்டா. அவ்வாராய்ச்சி குணத்தைப் பற்றியது, தாடையைப் பற்றியதன்று. 50 கல்லெடை உள்ள நாய் ஒருமுறை தவறுவதும், மடியில் அடங்கும் நாய் பத்துமுறை தவறுவதும் ஒன்றாகா. பிட்புல்லின் முன்னோர், எருதைக் கட்டிவைத்து நாயை ஏவும் ஆட்டத்துக்கென்று இங்கிலாந்தில் வளர்க்கப்பட்டவை. அவ்வாட்டம் 1835-இல் சட்டத்தால் நின்றபின் நாயோடு நாயை மோதவிட்டனர். பிடித்ததை விடாத பிடி அந்த வழியில் வந்தது. வலிமை உண்மை, அவ்வலிமையைக் கொடுமையாக்குவது வளர்ப்பவன் கை. வலிய நாயை விரும்புகிறவன் வலிய பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறான்.

அயல்நாய்தானே கொடியது, நம் நாய்க்கு என்ன என்று கேட்கும் அன்பர் உண்டு. இங்கேதான் தமிழன்பர் விழிப்பாயிருத்தல் வேண்டும். இராசபாளையமும், சிப்பிப்பாறையும், கன்னியும், தேனி மாவட்டத்துக் கோம்பையும் நம் பெருமை, ஐயமில்லை. பல்லாயிரம் உருவா கொடுத்து, பனிநாட்டு நாயை வாங்கி, சங்ககிரி வெயிலில் கட்டிப்போட்டு இளைக்கவைக்கும் பகட்டை என்னவென்பது? ஆயினும் கோம்பையும் கடிக்கும். இராசபாளையக் குட்டிகளுள் சில பிறவியிலேயே காது கேளாதவை. பின்னால் வந்து தொட்டால் திடுக்கிட்டுத் திரும்பும். அதை அறியாதவன் வெறிநாய் என்பான். அயலினம் என்பதனால் பழிப்பதும் தன்னினம் என்பதனால் பொறுப்பதும் ஒரே பிழையின் இரு முகம்.

நாய் ஏன் கடிக்கிறது? அச்சத்தால், வலியால், குட்டிக்காக, சோற்றுத் தட்டுக்காக. இவற்றினும் மிகுதியாகச் சங்கிலியால். இச்சாலையோரத்துச் சரக்குந்துப் பட்டறைகளைப் பார்த்தவர் அறிவர். குட்டியாய்க் கட்டப்பட்ட நாய் கிழடாகும் வரை அவ்விரண்டு முழ வட்டத்திலேயே சுற்றுகிறது. வருகிறவனெல்லாம் கல்லெறிகிறான். உரிமையாளன் அதைச் சினமூட்டிச் சிரிக்கிறான். சினம் மிகுந்தால் காவல் மிகும் என்று எண்ணுகிறான். ஒருநாள் சங்கிலி அறுகிறது. மறுநாள் நாளிதழில் நாயின் இனப்பெயர் வருகிறது. சங்கிலியிட்டவன் பெயர் வருவதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 2024-இல் தமிழகத்தில் நாய்க்கடிக்கு ஆளானோர் ஏறத்தாழ 4,80,000 பேர். வெறிநோயால் இறந்தோர் 43 பேர். அந்த 43 பேரைக் கொன்றது தாடையின் வலிமையன்று, எச்சிலில் இருந்த நோய். அந்நோய்க்கு இனம் தெரியாது. கடிபட்டவுடன் வழலைக் கட்டியும் ஓடும் நீரும் கொண்டு கால் மணிநேரம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொண்டால் உயிர் பிழைக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பி, மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு காலம் தாழ்த்துவோர் இன்னும் இருப்பது வெட்கக்கேடு.

சட்டமும் இல்லாமலில்லை. தன் விலங்கால் பிறர்க்கு ஊறு நேராவண்ணம் காக்கத் தவறியவனுக்கு, 2023-இல் இயற்றிய புதிய குற்றவியல் சட்டத்தின் 291-ஆம் பிரிவு ஆறு திங்கள் வரை சிறையோ, 5,000 உருவா வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கிறது. அது நாயின் இனம் கேட்பதில்லை. உடையவன் யார் என்றுதான் கேட்கிறது. பழைய சட்டத்திலும் 289-ஆம் பிரிவாக அது இருந்தது. நுங்கம்பாக்கத்தில் அதைப் பயன்படுத்த எந்தப் பட்டியலும் தேவைப்படவில்லை.

பட்டிக்கு நாய் தேடும் ஆயன் தாள்களைப் பார்ப்பதில்லை. ஈன்ற நாய் கிடக்கும் இடத்துக்குப் போகிறான். தாய் எப்படி என்று கேட்கிறான். ஆட்டுக்குட்டி அருகில் வந்தால் அது என்ன செய்கிறது என்று சற்றே நின்று பார்க்கிறான். பிறகுதான் குட்டியைத் தூக்குகிறான்.