புல் முடிச்சு: முக்திநாத் மலைவழியும் மலைபடுகடாமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வழி சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகையைப் படைத்துக்கொண்ட மொழி தமிழ். வள்ளலிடம் பரிசில் பெற்று மீள்பவன், எதிரே வறுமையோடு வருபவனைக் கண்டு, தான் சென்று வந்த வழியையும் பெற்ற வளத்தையும் எடுத்துரைத்து அவனையும் அங்கே செலுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி இவ்வகையைச் சார்ந்தது. அவற்றுள் மலைவழியை விரித்துரைப்பது மலைபடுகடாம். நன்னன் என்னும் தலைவனைப் பெருங்கௌசிகனார் பாடிய இப்பாட்டு 583 அடிகளால் ஆனது. இதில் வழி கேட்போன் தனியன் அல்லன். இசைக்கருவிகளைச் சுமந்துகொண்டு, பெண்டிரும் சிறாரும் உடன்வர மலையேறும் ஒரு கூட்டத்தின் தலைவன். குழுவாக மலை கடப்போர்க்கு உரைக்கப்பெற்ற அறிவுரை என்ற வகையில் இந்நூலுக்கு இன்றும் பயன் உண்டு. அண்டை நாடாகிய நேபாளத்தில், காளி கண்டகி ஆற்றின் ஓரமாக முக்திநாத் வரை மோட்டார் சைக்கிளில் குழுவாகச் செல்வோரின் பயணத்தை இதனோடு ஒப்பிட்டு நோக்கும்போது அப்பயன் தெளிவாகும்.

வழியின் இயல்பு

உத்தரப்பிரதேசத்தின் சோனாலி எல்லையைக் கடந்து செல்லும் இந்தியக் குழுக்கள் பல. இரு நாடுகளுக்கும் இடையே 1950ஆம் ஆண்டில் ஏற்பட்ட அமைதி, நட்புறவு உடன்படிக்கையின் பயனாக இந்தியர்க்கு விசா வேண்டுவதில்லை. வண்டிக்கு மட்டும் 'பன்சார்' எனப்படும் சுங்கச் சீட்டைப் பெற்றாகவேண்டும். புட்வல், தான்சேன் வழியாகப் போக்கராவை அடைந்து, அங்கிருந்து பேனி என்னும் ஊருக்கு வந்தால் காளி கண்டகியின் கரை தொடங்கும். தாத்தோபானி, காசா, துக்குச்சே, மார்ஃபா, ஜோம்சோம், காக்பேனி என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறிச் செல்லும். போக்கரா கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் உள்ளது. முக்திநாத்தோ 3,700 மீட்டரையும் கடந்து நிற்பது. ஒருபுறம் 8,167 மீட்டர் உயரமுள்ள தவளகிரி. மறுபுறம் 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணா. இவ்விரண்டிற்கும் நடுவே ஆறு அறுத்துச் சென்ற பள்ளத்தாக்கே வழியாகிறது.

இவ்வழி புதியதன்று. திபெத்தின் உப்பு தெற்கு நோக்கியும், சமவெளித் தானியம் வடக்கு நோக்கியும் கோவேறு கழுதைகளின் முதுகில் சென்ற வணிகப் பாதை இது. அவ்வணிகத்தை நடத்தியோர் தகாலி மக்கள். அவர்தம் பெருஞ்சந்தை துக்குச்சே. 1959க்குப் பின்னர்த் திபெத்தில் நேர்ந்த மாற்றங்களால் உப்பு வணிகம் தளர்ந்தது. தகாலியர் பலர் போக்கராவுக்கும் காட்மாண்டுவுக்கும் குடிபெயர்ந்தனர். எஞ்சியோர் மலையேறும் அயல்நாட்டார்க்கு விடுதி நடத்தினர். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டின் பிற்பகுதியில் வண்டிப் பாதை ஜோம்சோம் வரை இணைந்ததும் நடைப்பயணிகள் குறைந்தனர். பேருந்துகளும் மோட்டார் சைக்கிள்களும் பெருகின.

நால்வகை இடர்

இவ்வழியின் இடர்கள் நான்கு. முதலாவது காற்று. முற்பகல் கடந்ததும் தெற்கிலிருந்து பள்ளத்தாக்கினூடே எழும் காற்று மாலை வரை ஓயாது. ஆற்றுப்படுகையின் மணலை வாரி முகத்தில் வீசும். ஜோம்சோமுக்கு வரும் சிறு விமானங்கள் காலையிலேயே வந்து திரும்பிவிடுவது இதனால்தான். இரண்டாவது நீர். சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகளில் உருண்டைக் கற்கள் சக்கரத்தை வழுக்கச் செய்யும். நண்பகல் வெயிலில் பனி உருக உருக நீர் ஏறும்.

மூன்றாவது மண்சரிவு. 2024 ஜூலை 12ஆம் நாள், காட்மாண்டு செல்லும் நெடுஞ்சாலையில் சரிந்த மலை இரண்டு பேருந்துகளை அறுபதுக்கும் மேற்பட்ட பயணிகளோடு திரிசூலி ஆற்றில் தள்ளியது. மழை மறைவுப் பகுதியில் உள்ள காக்பேனியிலும் 2023 ஆகஸ்டில் வெள்ளம் புகுந்து வீடுகளை அழித்தது. எனவே மழைக்காலத்தைத் தவிர்த்தல் அறிவுடைமை.

நான்காவது கண்ணுக்குத் தெரியாதது. முக்திநாத்தின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கிற்கும் சற்றுக் குறைவு. பழைய கார்புரேட்டர் வண்டி கரும்புகை கக்கித் திணறும். ஓட்டுபவனும் தலைவலியாலும் குமட்டலாலும் திணறுவான். போக்கராவில் காலையுணவு உண்டவன் முக்திநாத்தில் இரவுறங்க முற்படுவது உயிரோடு விளையாடுவதாகும். மார்ஃபாவிலோ ஜோம்சோமிலோ ஓரிரவேனும் தங்கி உடலைப் பழக்கவேண்டும். நோய்க்குறி மிகுமாயின் உடனே கீழிறங்கவேண்டும்.

மலைபடுகடாத்தின் கூத்தன் கூறும் இடர்களும் இத்தகையனவே. பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள வழியை இருளில் கடவாது விடியும்வரை காத்திருக்கச் சொல்கிறான். பாசி படர்ந்த பாறைகளில் அடி வழுக்கும் என்று எச்சரித்துப் பற்றுக்கோடு கொள்ளச் சொல்கிறான். பாம்புகள் உறையும் இடங்களையும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்களையும் முன்னரே உணர்த்துகிறான். சிறாரோடு செல்லும்போது ஒருவரை ஒருவர் காத்துக் கடந்து செல்லுங்கள் என்கிறான். வீரம் பேசும் ஒரு சொல்லும் இப்பகுதியில் இல்லை, எல்லாம் காப்புரை.

பின்வருவோர்க்கு அடையாளம்

அந்நூலில் தனித்து நினைக்கத்தக்க ஓரிடம் உண்டு. வழி பலவாகப் பிரியும் இடத்தில், சரியான வழி எதுவெனத் தெரிந்துகொண்டபின், அவ்விடத்தைத் துடைத்துத் தூய்மை செய்து, பின்னால் வரும் புதியவர்க்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைக்கும்படி அறிவுறுத்துகிறது பாட்டு. வழி தெரிந்தவனின் கடமை தான் சென்று சேர்வதோடு முடிவதில்லை என்பது இதன் கருத்து.

நெறியறிந்த மோட்டார் சைக்கிள் குழுக்களில் இன்று நிலவும் வழக்கம் இதனோடு முழுதும் ஒத்துள்ளது. தலைவன் ஒருவன் முன்னே செல்வான். பட்டறிவு மிக்க மற்றொருவன் எல்லார்க்கும் பின்னே வருவான். இவ்விருவர் இடமும் மாறுவதில்லை. வழி பிரியும் இடம் வந்ததும் தலைவனுக்கு அடுத்து வருபவன் அங்கே வண்டியை நிறுத்தி, ஏனையோர்க்கு வழிகாட்டி நிற்பான். கடைசி வண்டி வந்தபின்னரே அவன் புறப்படலாம். அடுத்த பிரிவில், அப்போது இரண்டாவதாக வருபவன் நிற்பான். இவ்வாறு குழுவில் உள்ளோர் முறைமுறையாகப் புல் முடிச்சு ஆகின்றனர்.

மற்றொரு விதி இதனினும் எளியது. ஒவ்வொருவனும் தன் கண்ணாடியில் பின்வருபவனின் விளக்கைப் பார்த்துக்கொண்டே செல்லவேண்டும். அவ்விளக்கு மறைந்தால் வேகத்தைக் குறைக்கவேண்டும். அவன் குறைத்தால் அவனுக்கு முன்செல்பவனும் குறைப்பான். இறுதியில் தலைவனும் நிற்பான். கடைசியில் ஒருவன் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தால், கூவி அழைக்காமலே குழு முழுதும் நின்றுவிடும். இவ்விதியைக் கைவிட்ட குழு, பெயரளவில் குழுவே தவிர, ஒரே சாலையில் தனித்தனியே செல்லும் பலர்தாம்.

ஓசையும் விருந்தும்

மலையில் எழும் பல்வகை ஓசைகளை யானையின் மதத்தோடு பொருத்திப் பாடியமையால் மலைபடுகடாம் என்னும் பெயர் வந்தது. அருவியோசை, புனங்காப்போர் ஆரவாரம் என ஓசைகள் அங்கே அடுக்கப்பெறுகின்றன. 1955இல் சென்னையில் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட் வண்டிகள் இமயச் சாலைகளில் பெரும்பெயர் பெற்றவை. அவற்றின் ஓசையும் பெயர் பெற்றதே. ஆனால் அவ்வோசையை நிறுத்தினாலன்றி மலையின் ஓசை செவியில் விழாது. கொடிகள் காற்றில் படபடப்பதும், கழுதைகளின் கழுத்துமணியும், படுகையில் கற்கள் உருள்வதும் வண்டி நின்றபின் கேட்பவை.

வழியில் உள்ள குறிஞ்சி நிலத்தார் இல்லங்களில் தயங்காமல் சொந்த வீடு போலப் புகுந்து உண்ணலாம் என்று கூத்தன் உறுதி கூறுவான். ஆற்றுப்படையில் வள்ளலுக்கு ஈடாகவே வழியோர மக்கள் போற்றப்பெறுகின்றனர். தகாலியர் விடுதியில் வெண்கலத் தட்டில் வரும் சோறும் பருப்பும் கீரையும், குறையக் குறைய மீண்டும் வந்து பரிமாறப்பெறும். அவ்விருந்தோம்பலை உண்டு திரும்புவோர் எழுதும் பயணக் குறிப்புகளிலோ, சாலை எவ்வளவு மோசம், எத்தனை நாளில் 'வென்றோம்' என்பனவே மிகுதி. பயணிக்குக் கரடான அச்சாலைதான் மார்ஃபாவின் ஆப்பிளைச் சந்தைக்கும், பிள்ளைப்பேற்றுக்குத் துடிக்கும் பெண்ணைப் போக்கரா மருத்துவமனைக்கும் கொண்டுசெல்வது. அதே சாலைதான் நடைப்பயணிகளை நம்பியிருந்த விடுதிகள் பலவற்றின் வருவாயைக் குறைத்ததும். இவ்விரண்டையும் காணாத எழுத்து, மலையைக் கண்ட எழுத்தாகாது.

நெஞ்சை ஆற்றுப்படுத்துதல்

வழியின் முடிவில் முக்திநாத். 108 நீர்த்தாரைகளும், அருகே நீரோடு எரியும் இயற்கை வாயுச் சுடரும் உள்ள தலம். வைணவரோடு பௌத்தரும் அதனைத் தமதாகப் போற்றுவர். வழிபாட்டில் பௌத்தத் துறவுப் பெண்டிர்க்கும் பங்குண்டு. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் பதிகம் அருளிய சாளக்கிராமம் இதுவே எனப் பெரும்பான்மையோர் கொள்வர். அப்பதிகம் நெஞ்சை விளித்து, அங்கே சென்று சேர் எனச் செலுத்துவது; அவ்வகையில் அதுவும் ஓர் ஆற்றுப்படையே. ஆற்றுப்படுகையில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்களோ, பல கோடி ஆண்டுகட்கு முன் அங்கிருந்த டெத்தீஸ் கடலில் வாழ்ந்த உயிர்களின் கல்லாகிய எச்சங்கள். கடலின் அடித்தளம் மலைமுடியான இடத்தில் நின்று, 'மலையை வென்றேன்' என்று ஒருவன் கூறுவது நகைப்புக்குரியது.

கவிஞர் பெருமக்களே! இலக்கிய வட்டமும் மலையேறும் ஒரு குழுவே. பத்து ஆண்டுகளில் எத்தனை நூல்கள் வெளிவந்தன, எத்தனை பரிசுகள் கிட்டின என்று கணக்கிடுவது எளிது. அது எத்தனை மீட்டர் ஏறினோம் என்று எண்ணுவதை ஒக்கும். முதற்கவிதையைத் தயங்கித் தயங்கி வாசித்துவிட்டு அடுத்த கூட்டத்திற்கு வராமற்போனவர் யார், அவர் விளக்கு எப்போது கண்ணாடியில் மறைந்தது, அப்போது முன்சென்றோர் வேகத்தைக் குறைத்தனரா என்பதே கேட்கத்தக்க வினா. வரும் ஆண்டுகளில் கூட்டம்தோறும் ஒருவரேனும் பிரிவழியில் நின்று, கடைசியாக வருபவர் வரும்வரை காத்திருப்பாராயின், பெருங்கௌசிகனார் சொன்ன புல் முடிச்சு இவ்வட்டத்திலும் அவிழாமல் இருக்கும்.