பேட்டரியை மாற்றும் முன் மீட்டரை வைத்துப் பாருங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



நம் பார்க்கிங்கில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "செல்ஃப் எடுக்கலை சார், பேட்டரி போயிடுச்சு போல." உடனே போன் செய்து புது பேட்டரி வரவழைத்து விடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். பஸ் டிப்போவின் எலக்ட்ரிக்கல் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

சென்ற வருடம் ஒரு நள்ளிரவில் என் அம்மாவுக்கு மூச்சுத் திணறல். காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பேட்டரி மாற்றி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பாதி வழியில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தது. ஹெட்லைட் மங்கியது, ஸ்டியரிங் இறுகியது, மேம்பாலத்தின் மேல் வண்டி நின்றேவிட்டது. அந்த வழியாக வந்த ஆட்டோக்காரத் தம்பி ஒருவர் எங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அம்மா இப்போது நலம்.

மறுநாள் பார்த்தால், பழுது பேட்டரியில் இல்லை. ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துபோய், சார்ஜ் விட்டுவிட்டு ஏறியிருக்கிறது. பேட்டரி மாற்றிய அன்றே மீட்டரை வைத்து இரண்டு மூன்று முறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நம் மொட்டை மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி காலியானால் தொட்டியையா மாற்றுகிறோம்? மோட்டார் ஓடுகிறதா, குழாய் அடைத்திருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்க்கிறோம். காரில் பேட்டரிதான் தொட்டி. இன்ஜின் பெல்ட்டில் சுற்றும் ஆல்டர்னேட்டர் மோட்டார். வயர்களும் டெர்மினல்களும் குழாய்.

இதைச் சோதிக்கச் சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று போதும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் வையுங்கள்.

முதலில், இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் தொட்டி காலியாகப் போகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, வீட்டில் ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு மீட்டரைக் கவனியுங்கள். முழு சார்ஜ் இருந்தும் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம்.

மூன்றாவதுதான் நான் செய்யத் தவறியது. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஹெட்லைட், ஏசி போட்ட பிறகும் 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. 12 சொச்சத்திலேயே நின்று மெல்ல இறங்கினால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் எரிபொருள் மிச்சத்துக்காகக் கம்ப்யூட்டரே வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும். எனவே ஒரு முறை பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஹெட்லைட்டைப் போட்டுச் சில நிமிடம் கவனியுங்கள்.

சார்ஜ் ஏறவில்லை என்றால் உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்றச் சொல்ல வேண்டாம். பெல்ட் தளர்ந்திருக்கிறதா, டெர்மினலில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா, எர்த் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பழுது இதிலேயே அகப்படும். இன்ஜின் ஓடும்போது துப்பட்டா, புடவைத் தலைப்பு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

சார்ஜ் சரியாக ஏறியும் காலையில் வோல்ட் குறைந்திருந்தால் கசிவு. வாரக் கடைசியில் மட்டும் வண்டி எடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள். நிற்கும் காரும் கொஞ்சம் மின்சாரம் இழுக்கும். அது 50 மில்லி ஆம்பியர் என்றே வையுங்கள், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். 35 ஆம்பியர் அவர் பேட்டரி பதினைந்து நாளில் பாதியாகிவிடும். டேஷ் கேமரா, அணையாத டிக்கி விளக்கு சேர்ந்தால் இன்னும் சீக்கிரம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. இன்ஜின் ஓடும்போது டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிப்பது பழைய பழக்கம். இன்றைய கார்களில் அப்படிச் செய்தால் எழும் அதிக வோல்ட்டேஜ் கம்ப்யூட்டரையே எரித்துவிடலாம். யாரையும் செய்ய விடாதீர்கள்.

பேட்டரி ஏறட்டும் என்று பேஸ்மென்ட்டில் இன்ஜினை ஓடவிட்டு நிற்கவே நிற்காதீர்கள். ஐடிலில் ஏறும் சார்ஜும் குறைவு. வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளைக் கொல்லும். நம் செக்யூரிட்டி அண்ணன்கள் இரவு முழுக்க அங்கேதான் இருக்கிறார்கள்.

ஓடும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பாதுகாப்பான இடம் வரும்வரை இன்ஜினை நிறுத்தாமல் செல்லுங்கள். நிறுத்தினால் மறுபடி எடுக்காமல் போகலாம். ஆனால் வெப்பமானி முள் ஏறினால் உடனே ஓரம் கட்டி நிறுத்துங்கள். பல கார்களில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான்.

ஒரு மல்டிமீட்டர் வாங்கி செக்யூரிட்டி அறையில் வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை ஏழு முதல் எட்டு வரை விசிட்டர் பார்க்கிங்கில் இருப்பேன். வண்டியைக் கொண்டு வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம். வயதானவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டுக்காரர்கள் முதலில் வாருங்கள்.