விழுமுன் தாங்கும் கை



இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு கல்விச் சங்கத்தைக் கட்டிக் காப்பது எளிய செயலன்று. அந்தப் பெருமையைப் பேச இம்மேடையில் பலர் உள்ளனர். ஆகவே நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். மருத்துவமனையில் நோயாளர் தவறி விழுவதைத் தடுக்கச் செயற்கை நுண்ணறிவு எவ்வாறு துணை செய்யும், அதில் நம் மக்களின் பங்கு யாது என்பதே அப்பொருள்.

எம்.கே.பி. நகரில் கூடியிருக்கும் நமக்கு இது எதற்கு என்று சிலர் எண்ணலாம். வியாசர்பாடி, இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என விரிந்து கிடக்கும் இவ்வடசென்னையில், உழைத்துப் பிழைப்போர்க்கு நோய் கண்டால் கால்கள் தாமே நடக்கும் இடம் ஸ்டான்லி மருத்துவமனை. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. அதனாலேயே நம் பாட்டிமார் அதனைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றே அழைத்தனர். 1938இல் அது மருத்துவக் கல்லூரியாகவும் உயர்ந்தது. ஏழைக்குக் கஞ்சியாகத் தொடங்கிய மருத்துவம் இன்று எந்திர அறிவு வரை வந்திருக்கிறது. அவ்வறிவு நம் வார்டுக்குள் வரும்போது அது நமக்குப் பயன்படுமா என்று கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

விழுதல் என்பது சிறு செய்தி போலத் தோன்றும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள். ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்ததனால் இறக்கின்றனர். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கே. இச்சாவுகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவை நம்முடையதைப் போன்ற வருவாய் குறைந்த, நடுத்தர வருவாயுடைய நாடுகளில் நேர்கின்றன.

துறைமுகத்தில் முப்பதாண்டுகள் மூட்டை சுமந்த ஒரு பெரியவர் காய்ச்சலுக்காக வார்டில் சேர்க்கப்பட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணி. சிறுநீர் கழிக்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை உண்டவர் சட்டென எழுந்தால் தலை கிறுகிறுக்கும். கையில் குளுக்கோஸ் குழாய். வழியில் ஈரத் தரை. உடனிருந்த மகள் அயர்ந்து உறங்குகிறாள். செவிலியரை எழுப்பித் தொல்லை கொடுக்கலாகாது என்று பெரியவர் தாமே எழுகிறார், விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. காய்ச்சலுக்கு வந்தவர் படுக்கையோடு வீடு திரும்புகிறார். அவரைக் கவனிக்க மகள் வேலையை விடுகிறாள். பேரன் படிப்பை விடுகிறான். ஒரு கணத்து வழுக்கல் ஒரு குடும்பத்தின் ஏணியையே சரித்துவிடும். கல்விச் சங்கம் இதனைப் பேசுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமோ?

யார் விழக்கூடும் என்று முன்னரே கணிக்கும் முயற்சி பழையது. 1980களில் கனடாவில் ஜானிஸ் மோர்ஸ் என்னும் அறிஞர் ஆறு கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தார். முன்பு விழுந்ததுண்டா, வேறு நோயும் உண்டா, ஊன்றுகோல் வேண்டுமா, நரம்பு வழி மருந்து ஏறுகிறதா, நடை தள்ளாடுகிறதா, தன் வலிமையின் எல்லையை நோயாளர் உணர்ந்துள்ளாரா என்பன அவை. விடைகளுக்கு மதிப்பெண் இட்டுக் கூட்டினால் ஆபத்தின் அளவு தெரியும்.

செயற்கை நுண்ணறிவு இவ்வேலையையே பன்மடங்கு பெரிதாகச் செய்கிறது. ஆயிரமாயிரம் பழைய நோயாளரின் பதிவேடுகளைப் படித்து, எத்தகையோர் விழுந்தனர் என்னும் பாங்கினை எந்திரம் கற்றுக்கொள்கிறது. பின்னர்ப் புதிய நோயாளரின் வயது, மருந்து, நோய் முதலியவற்றைக் கண்டு ஆபத்தினைக் கணிக்கிறது. மெத்தையின் கீழ் வைக்கும் சென்சார் விரிப்பு, உடல் அசைவை உணர்ந்து, எழ முற்படும்போதே செவிலியர் மேசையில் மணி அடிக்கிறது. ஆழம் அளக்கும் கேமரா, முகத்தைக் காட்டாமல் உருவத்தின் நிலையை மட்டும் கண்டு எச்சரிக்கிறது. இவை வியக்கத்தக்கவையே. ஆயினும் வியப்போடு நின்றுவிடலாகாது.

முதற் கேள்வி: மணி அடித்தால் ஓடி வருவது யார்? அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் படுக்கை மணிகளின் பயன்பாட்டை மிகுதிப்படுத்திச் சோதித்தனர். மணிகள் பெருகின, விழுதல் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்று 2012இல் அவ்வாய்வு வெளிவந்தது. ஓயாது அடிக்கும் மணி நாளடைவில் காதில் ஏறாது. பொது வார்டில் மூன்று நோயாளர்க்கு ஒரு செவிலியர் வேண்டும் என்பது பயிற்சி மருத்துவமனைகளுக்கு இந்திய செவிலியர் மன்றம் வகுத்த நெறி. இரவில் ஒரு செவிலியர் எத்தனை கட்டில்களைப் பார்க்கிறார் என்பதை அங்கே இரவு தங்கிய எவரும் அறிவர். எந்திரத்தை வாங்கிவிட்டுச் செவிலியரைக் குறைத்தால், அது கண்ணை வாங்கிக் கையை விற்ற கதையாகும்.

இரண்டாம் கேள்வி: எந்திரம் யாரைப் பார்த்துக் கற்றது? 2019இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வொன்று நாம் நெஞ்சில் நிறுத்த வேண்டியது. அமெரிக்காவில் கூடுதல் மருத்துவக் கவனிப்பு யாருக்குத் தேவை என்று கணிக்க ஒரு கணினி முறை பயன்பட்டது. அது தேவையை நேரே அளக்காமல், இதுவரை ஆன செலவைக் கொண்டு அளந்தது. கறுப்பின மக்களுக்குச் செலவிடப்பட்டது குறைவு; ஆகவே அவர்களுக்கு நோயும் குறைவு என்று எந்திரம் முடிவு கட்டியது. அப்பிழையைத் திருத்தினால், கூடுதல் உதவிக்குரியோரில் கறுப்பினத்தார் பங்கு நூற்றுக்கு 17.7இலிருந்து 46.5ஆக உயரும் என்று ஆய்வாளர் கண்டனர். அம்முறை இனத்தின் பெயரைக் கேட்கவே இல்லை என்பதையும் கருதுங்கள். நேற்றைய புறக்கணிப்பு, இன்றைய கணக்காக உருமாறி வந்தது.

நம் நிலைக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். கட்டில் கிடைக்காமல் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை மெத்தைச் சென்சார் அறியாது. விழுந்ததைச் சொன்னால் ஏச்சு விழும் என்று அஞ்சி மறைத்தால், அந்நிகழ்ச்சி பதிவேட்டில் ஏறாது. பதிவேட்டில் ஏறாதவரை எந்திரம் ஒருநாளும் கற்காது. நோயாளரின் அந்தரங்கமும் அற்பமானதன்று; 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், அதே ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு நெறிமுறைகளும் இசைவு பெறுதலை வலியுறுத்துகின்றன. பெண்கள் வார்டில் கேமரா வைப்பதாயின், அது எதைக் காண்கிறது, எங்கே சேமிக்கிறது என்று தமிழில் விளக்கிக் கேட்டே வைக்க வேண்டும்.

இனி நம்பிக்கை தரும் செய்தி ஒன்று. பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் 14 வார்டுகளில், ஒவ்வொரு நோயாளரின் ஆபத்தும் அதற்குரிய காப்பும் எழுதிய எளிய தாளைக் கட்டிலருகே வைத்து, நோயாளரையும் குடும்பத்தாரையும் அத்திட்டத்தில் பங்காளிகளாக்கினர். விழுதல் நூற்றுக்கு 15 பங்கும், விழுந்து காயமுறுதல் 34 பங்கும் குறைந்தன என 2020இல் அறிவித்தனர். குடும்பத்தார் உடனிருப்பது நம் வார்டுகளில் அன்றாட வழக்கம். வெளிநாட்டார் முயன்று பெற்ற துணை நம்மிடம் முன்னரே இருக்கிறது. அத்துணைக்கு அறிவூட்டுவதே நம் பணி.

ஆகவே இளைஞர்களே, நாம் செய்யத்தக்கவை சில. உடனிருப்போர்க்குச் சொல்லிக் கொடுப்போம்: எழுமுன் கட்டில் விளிம்பில் சற்று நேரம் உட்காரச் செய்யுங்கள், வழுக்காத செருப்பு அணிவியுங்கள், உறங்குமுன் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுங்கள், தண்ணீரும் கண்ணாடியும் கைக்கெட்டும் தொலைவில் வையுங்கள், செவிலியரை அழைப்பது தொல்லை அன்று, உரிமை என்று பெரியவர்க்கு உணர்த்துங்கள். தரையைத் துடைப்பவர், தள்ளுவண்டி தள்ளுபவர், வார்டு ஆயா ஆகியோரில் பலர் நம்மவர். ஈரத் தரையையும் உடைந்த பக்கக் கம்பியையும் முதலில் காண்பவர் அவர்களே. அவர்கள் சொல்லுக்கும் பதிவேட்டில் இடம் வேண்டும் என்று கேட்போம்.

இவற்றினும் பெரியது ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் செவிலியராகவும் மருத்துவராகவும் ஆவதோடு, அவ்வெந்திரத்தைக் கற்பிக்கும் கணித வல்லுநராகவும் ஆதல் வேண்டும். தரையில் படுத்த நோயாளரை நேரில் கண்ட ஒருவர் அக்குழுவில் இருந்தால், "பாயில் படுத்திருப்பவர் இக்கணக்கில் எங்கே?" என்று கேட்பார். அக்கேள்வியைக் கேட்க ஒருவரை உருவாக்கினாலும் இச்சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் பயனுடையவாகும்.

எந்திரம் எச்சரிக்கட்டும், தாங்குவது மனிதக் கையே. அக்கை கற்ற கையாகவும், நம் கையாகவும் இருக்கட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறோம்.