ஏழைத் தாயின் காணிக்கை



பிப்ரவரி 2ஆம் நாள், ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவைக் கொண்டாடுகிறோம். குழந்தை பிறந்து நாற்பதாம் நாள். மரியாவும் யோசேப்பும் எருசலேம் கோவிலுக்கு வருகிறார்கள். அவர்கள் கொண்டுவந்த காணிக்கையை லூக்கா நற்செய்தியாளர் மறக்காமல் குறித்து வைக்கிறார்: அது புறாக்கள்.

லேவியர் நூலின் 12ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பிள்ளை பெற்ற தாய் செலுத்த வேண்டியது ஓராண்டு ஆட்டுக்குட்டி ஒன்றும் ஒரு புறாவும். ஆடு வாங்க வசதியில்லாதவள் இரண்டு புறாக்களைக் கொடுத்தால் போதும். பிள்ளை பெற்றதற்காக எந்தத் தாயும் கடன்காரி ஆகிவிடக் கூடாது என்று திருச்சட்டமே வழி செய்திருக்கிறது. அந்த ஏழைகளின் வரிசையில்தான் நம் அன்னை மரியா நின்றார்.

இன்று நம் வீடுகளில் நடப்பது என்ன? முதல் பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்து மகளை அழைத்து வந்த நாளிலிருந்தே தகப்பனுக்குத் தூக்கம் போய்விடுகிறது. தனியார் மருத்துவமனையில் சுகப்பிரசவத்துக்கு ஒரு தொகை, சிசேரியன் என்றால் அதைவிடப் பெரிய தொகை. அறை வாடகை தனி, மருந்து தனி. குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க நேர்ந்தால் நாள் கணக்கில் பணம் கட்ட வேண்டும். மகளின் திருமணத்துக்கு மீட்ட நகை, பேரப்பிள்ளை பிறக்கும்போது மறுபடியும் அடகுக் கடைக்குப் போகிறது. பிறந்தது பெண் குழந்தை என்றால், இவ்வளவு செலவழித்தும் பெண்தானா என்று கேட்கும் நாக்குகளும் உண்டு. பச்சிளம் குழந்தையின் முகத்தைப் பார்க்கும் முன்பே பில்லைப் பார்க்க வைப்பது பாவம் அல்லவா?

சிசேரியன் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் 100க்கு 36 சிசேரியன். தனியாரிலோ ஏறத்தாழ 64. இந்த வேறுபாட்டைக் கண்டு நாம் கேள்வி கேட்கலாம். எதற்காக இந்த அறுவைச் சிகிச்சை, எவ்வளவு ஆகும் என்று மருத்துவரிடம் மரியாதையோடு முன்கூட்டியே கேட்பது நம் உரிமை.

இன்னொன்றையும் மனந்திறந்து பேசுவோம். பல குடும்பங்கள் தேவைக்காக அல்ல, கௌரவத்துக்காகவே கடன் வாங்குகின்றன. "பொண்ண தர்மாஸ்பத்திரியிலயா சேர்த்தீங்க?" என்று சம்பந்தி வீட்டார் கேட்டுவிடுவார்களோ என்று பயம். 2011 முதல் அரசு மருத்துவமனைகளில் பிரசவம், சிசேரியன் உட்பட, கட்டணமின்றி நடக்க வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான திட்டம். மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு, போக்குவரத்து எல்லாம் அதில் அடக்கம். ஏழைத் தாய்மாருக்கு முதல் இரண்டு பேறுகளுக்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் வழங்குகிறது. கருவுற்ற உடனே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து, பிக்மி எண் பெற்றுக்கொள்ள வேண்டும். அங்கே யாராவது கையூட்டுக் கேட்டால் புகார் கொடுக்கத் தயங்காதீர்கள்.

அன்பியக் குடும்பங்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். மரியா தாமும் கருவுற்றிருந்த நிலையில் மலைநாட்டுக்கு விரைந்து போய், எலிசபெத்தோடு மூன்று மாத அளவு தங்கினார். அவர் கையில் பணம் இருந்ததாக நற்செய்தி சொல்லவில்லை. உடனிருந்தார், அவ்வளவுதான். நம் அன்பியத்தில் கருவுற்றிருக்கும் சகோதரி யார் என்று நமக்குத் தெரியுமா? பதிவு செய்ய அவரோடு ஒருவர் போகலாம். இரத்தம் தேவைப்பட்டால் இளைஞர்கள் ஆயத்தமாக இருக்கலாம். பத்திய உணவு கொண்டுபோகலாம். வின்சென்ட் தே பவுல் சபையினர் மாதம் ஒரு சிறு தொகையை இதற்கென ஒதுக்கி வைக்கலாம். ஞானஸ்நான விருந்தைச் சுருக்கி, அதில் மிஞ்சுவதை ஓர் ஏழைத் தாயின் மருத்துவச் செலவுக்குக் கொடுக்கலாம்.

திரு அவையின் பெயரில் மருத்துவமனை நடத்தும் நமக்கும் இந்த விழா ஒரு கேள்வி வைக்கிறது. ஆட்டுக்குட்டி கொண்டுவர முடியாத தாய் நம் வாசலுக்கு வந்தால், புறாவை ஏற்றுக்கொள்ள நம்மிடம் இடம் இருக்கிறதா?

புறாக்களோடு வந்த அந்த ஏழைத் தாயின் கையில்தான் உலகின் ஒளி இருந்தது. முதியவர் சிமியோன் காணிக்கையின் விலையைப் பார்க்கவில்லை. குழந்தையைக் கையில் ஏந்திக் கடவுளைப் போற்றினார். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் அப்படியே ஏந்திக்கொள்ளும் மனத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.