துண்டுத்துணியும் தோழமையும்

(யூபிலி விழாவை முன்னிட்டு நடந்த தாய்மார்கள் கூட்டத்தில், பங்கின் தையல் கூட்டத்தார் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



யூபிலி என்றால் கோவில் கட்டிய கதையைச் சொல்வார்கள். மணி வாங்கிய கதையைச் சொல்வார்கள். குருக்கள் வந்து போன வரலாற்றைச் சொல்வார்கள். அவற்றைச் சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள். எங்களைத் துணியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதுவும் பட்டுத்துணி அல்ல; தையற்கடையில் மாலையில் கூட்டித் தள்ளுகிறார்களே, அந்தத் துண்டுத்துணி! மேடையின் இருபுறமும் தொங்கும் இரண்டு ஒட்டுப்போர்வைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை உருவான கதையே எங்கள் உரை.

ஒட்டுப்போர்வை நமக்குப் புதிதல்ல. நம் பாட்டிமார் பழம்புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நூலோட்டி, பிள்ளைக்கு விரிப்பாகப் போட்டார்கள். வங்காளத்தில் இதையே காந்தா என்கிறார்கள். மராட்டியத்தில் கோதடி என்கிறார்கள். துணியை வெட்டி ஒட்டித் தைக்கும் வேலை நம் தஞ்சைப் பக்கத்திலும் பழையதுதான். தேரில் உருளையாகத் தொங்கும் தொம்பைகளைப் பார்க்காதவர் யார்? கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் சித்தி என்னும் மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்களுடைய பெண்கள் பழந்துணிகளை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்துப் போர்வை செய்கிறார்கள். நான்கு மூலையிலும் துணியை அடுக்கடுக்காக மடித்துத் தைத்து, அதற்குப் ‘பூ’ என்று பெயரிடுகிறார்கள். அந்தப் பூ இல்லாவிட்டால் போர்வை நிர்வாணமாக இருக்கிறது என்பார்களாம். அவர்களில் கத்தோலிக்கர்களும் உண்டு. சிலர் போர்வையில் சிலுவையும் தைப்பதுண்டு.

இக்காலத்தில் இது பெரிய கலையாகவே வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 2009-ல் ‘மாடர்ன் குயில்ட் கில்ட்’ என்ற பெயரில் தையல்காரர்கள் சங்கம் அமைத்தார்கள். நம் சென்னையிலேயே 2019 ஜனவரியில் ஒட்டுப்போர்வைக்கென்று ஒரு விழா நடந்தது. இத்தகைய குழுக்களில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. அதுதான் கட்டம் மாற்றிக்கொள்வது. பன்னிரண்டு பெண்கள் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருத்தியும் தன் கைவேலையில் 12 கட்டங்கள் தைக்கிறாள். பதினொன்றைப் பதினொருவருக்குக் கொடுத்து, ஒன்றைத் தனக்கு வைத்துக்கொள்கிறாள். கணக்குப் பார்த்தால் கொடுத்ததும் பதினொன்று, வாங்கியதும் பதினொன்று. யாருக்கும் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும்போது அவள் கையில் பன்னிரண்டு பேருடைய கை இருக்கிறது!

இந்த வழக்கத்தைக் கேள்விப்பட்டதும் நாங்கள் ஒரு திட்டம் போட்டோம். கள்ளக்குறிச்சியில் நாங்கள் 21 பேர்; கல்வராயன் மலையில் 21 சகோதரிகள். ஒவ்வொருவரும் ஒரே மாதிரி இரண்டு கட்டங்கள் தைக்க வேண்டும். ஒன்று ஊரில் இருக்கும் போர்வைக்கு, ஒன்று மலைக்குப் போகும் போர்வைக்கு. ஒரு போர்வைக்கு 42 கட்டங்கள். குறுக்கே 6, நெடுக்கே 7. கட்டம் ஒன்று 12 அங்குலம் என்றால், போர்வை ஆறடிக்கு ஏழடி ஆகும். ஊரிலுள்ள போர்வை நோயுற்றோர் வீட்டுக்குப் போய்வரும். மலையிலுள்ள போர்வை, மார்கழி தை மாதங்களில் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போய்வரும். மலைக்குளிர் எப்படிப்பட்டது என்பது அங்கே ஓர் இரவு தங்கியவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளாக நாங்கள் பழந்துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி மலையேறியிருக்கிறோம். தென்னாற்காடு மாவட்டமாக இருந்த நம் பகுதி 1993-ல் விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆயிற்று. மாவட்டத்தின் பெயர் மாறியது. எங்கள் மூட்டை மாறவில்லை. கொடுப்பவர் நாங்கள், வாங்குபவர் அவர்கள் என்றே பழகிவிட்டது. கட்டம் மாற்றும் யோசனை வந்தபோதுகூட எங்களில் சிலர், “பாவம், அவங்ககிட்ட துணி ஏது? நாமே வெட்டி அனுப்பிடலாம்” என்றோம். மலைச் சகோதரி ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்தார். “துணி எங்ககிட்டயும் இருக்குதுக்கா. அளவ மட்டும் சொல்லுங்க” என்றார்.

அளவு அனுப்பினோம். பன்னிரண்டரை அங்குலத்துக்கு ஓர் அட்டை வெட்டிக் கொடுத்தோம். ஏன் அந்த அரை அங்குலம்? இரண்டு கட்டங்களைச் சேர்த்துத் தைக்கும்போது ஒவ்வோர் ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். இரண்டு பக்கமும் போனால் மீதி பன்னிரண்டு. ஒன்பது துண்டு வைத்து ஒரு கட்டம் தைப்பதானால், ஒவ்வொரு துண்டையும் நாலரை அங்குலமாக வெட்ட வேண்டும். தைத்தபின் நான்கு அங்குலமே வெளியே தெரியும். இதில் கவனம் தப்பினால் தீர்ந்தது. ஒரு கட்டத்துக்கு அரைக்கால் அங்குலம் பிசகினால், ஆறு கட்டம் போய்ச் சேருவதற்குள் முக்கால் அங்குலம் பிசகிவிடும்.

மலையிலிருந்து 42 கட்டங்களும் வந்தன. விரித்துப் பார்த்த எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாம் பதினொன்றரை அங்குலம்! நான்கு ஓரத்தையும் அரை அங்குலம் உள்ளே மடித்து, பொடித்தையலில் அழகாக அடித்திருந்தார்கள். அப்படியே சேர்த்தால் பதினொன்றுதான் மிஞ்சும். எங்கள் கட்டங்களோடு பொருந்தாது.

அன்று மாலை எங்களுக்குள் நடந்த வாக்குவாதத்தை மறைக்கப் போவதில்லை. “திருப்பி அனுப்பி வேறே தைக்கச் சொல்லலாம்” என்றார் ஒருவர். “ஓரத்தையெல்லாம் பிரித்துவிடலாம்” என்றார் மற்றொருவர். “முன்பக்கம் நம்முடையது இருக்கட்டும், அவங்களுடையதைப் பின்பக்கம் வைத்துத் தைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது” என்றும் ஒரு பேச்சு வந்தது. அப்போது எங்களில் மூத்தவரான பெரியம்மா ஒருவர் கேட்டார்: “ஏன் மடிச்சுத் தைச்சாங்கன்னு அவங்களைக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. மறுவாரம் மலைக்குப் போய்க் கேட்டோம். வந்த பதில் எங்களைத் தலைகுனிய வைத்தது. “ஓரம் பிரிஞ்ச துணிய ஒருத்தர் கையில எப்படிக்கா குடுக்கிறது?”

நாங்கள் அளவைச் சொன்னோம், காரணத்தைச் சொல்லவில்லை. அவர்கள் அதைப் பரிசென்று எண்ணி, பரிசுக்குரிய மரியாதையைச் செய்திருந்தார்கள். இன்னொன்றும் அன்றுதான் கண்ணில் பட்டது. நாங்கள் தைத்தவை தையற்கடையில் இலவசமாக வாங்கிய வெட்டுத்துணி. அவர்கள் தைத்ததோ தங்கள் வீட்டுத் துணி. ஒரு கட்டத்தில் மகளின் பள்ளிச் சீருடை இருந்தது. ஒன்றில் சாமை அறுப்புக்குக் கட்டிப் போன புடவையின் முந்தானை இருந்தது. எங்கள் மூட்டையில் எப்போதோ போன ஒரு சேலையும் அதில் திரும்பி வந்திருந்தது! கொடுத்ததை மறந்த எங்களுக்கு, வாங்கியதை மறவாதவர்கள் அதைப் பூவேலை செய்து அனுப்பியிருந்தார்கள்.

பிறகு யாரும் பிரிக்கவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. ஓர் அங்குல அகலத்தில் சிவப்புப் பட்டை வெட்டி, அந்தக் கட்டங்களின் நான்கு பக்கமும் வைத்துத் தைத்தோம். தையலுக்குள் போனது போக ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் சிவப்பு தெரிந்தது. பதினொன்றோடு ஒன்று சேர்ந்தது; பன்னிரண்டு ஆயிற்று! இன்று போர்வையைப் பார்க்கும் எல்லோரும், “அந்தச் சட்டம் போட்ட கட்டமெல்லாம் யார் தைத்தது? அதுதான் எடுப்பாக இருக்கிறது” என்றே கேட்கிறார்கள்.

ஆண்டவர் எங்களுக்கு இன்னொரு பாடமும் வைத்திருந்தார். பழைய ஆடையில் கோடித்துணியை ஒட்டுப்போடக் கூடாது, அது சுருங்கிப் பழையதைக் கிழித்துவிடும் என்ற உவமையைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். கேட்டும் என்ன? போர்வையை முதல்முறை அலசிக் காயப்போட்டபோது, எங்கள் புதுத்துணிக் கட்டங்கள்தாம் சுருங்கி அக்கம்பக்கத்தை இழுத்தன. பல முறை துவைத்துப் பழகிய மலைத்துணி இம்மியும் அசையவில்லை. ஆகவே இந்த வேலையைத் தொடங்க விரும்பும் தாய்மார்களுக்குச் சொல்கிறோம்: எந்தத் துணியானாலும் முதலில் நனைத்து, காயவைத்து, பெட்டி போட்டுப் பிறகு வெட்டுங்கள். சிவப்பும் கருநீலமுமானால் ஒரு வெள்ளைத் துண்டோடு சேர்த்து நனைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள்.

கட்டங்கள் பேசும் என்பதற்கு உலக வரலாற்றிலும் சாட்சி உண்டு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பெண்களும் குழந்தைகளும் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார்கள். கணவன்மார் அதே சிறையில் வேறு பகுதியில். ஒரு சொல் அனுப்ப வழியில்லை. எத்தல் மல்வனி என்ற கனடா நாட்டுப் பெண்மணியின் முயற்சியால் அந்தப் பெண்கள் ஆளுக்கொரு சிறு கட்டம் தைத்துத் தங்கள் பெயரைப் பூவேலையாகப் போட்டார்கள். 66 கட்டங்கள் வீதம் மூன்று போர்வைகள் ஆயின. காயமுற்றோருக்கென்று அவற்றை மருத்துவமனைக்கு அனுப்பக் கேட்டார்கள். அவற்றில் ஒன்று ஜப்பானியரில் காயமுற்றோருக்கு! தன் மனைவியின் பெயரை அதில் பார்க்கும் கணவன், அவள் உயிரோடிருப்பதை அறிந்துகொள்வான் அல்லவா? இரண்டு போர்வைகள் இன்றும் ஆஸ்திரேலியாவின் கான்பெரா போர் நினைவகத்தில் இருக்கின்றன.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், வறுமையில் வாடிய கறுப்பினப் பெண்கள் 1966-ல் ‘ஃப்ரீடம் குயில்டிங் பீ’ என்ற கூட்டுறவைத் தொடங்கிப் போர்வை தைத்து விற்றார்கள். அதே வட்டாரத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர்ப் பெண்கள் கிழிந்த வேலை உடைகளில் தைத்த போர்வைகள் 2002-ல் பெரிய கலைக்கூடங்களில் தொங்கின. 2006-ல் அஞ்சல்தலையிலும் ஏறின. குளிருக்குப் போர்த்தியதை உலகம் கலை என்று கண்டுகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

கடைசியாக ஒன்று. “அவங்களைக் கேட்டீங்களா?” என்று எங்களைத் தட்டிக்கேட்ட பெரியம்மா இன்று நம்மோடு இல்லை. ஒரு கட்டம் முடித்திருந்தார். இரண்டாவது கட்டத்துக்குத் துணி வெட்டி மடித்து வைத்திருந்தார். அவருக்கு இணையாகச் சீட்டில் விழுந்த மலைச் சகோதரி, செய்தி கேட்டு இறங்கி வந்து, அந்தத் துணியைக் கேட்டு வாங்கிப் போனார். ஒன்பது துண்டுகளையும் சேர்த்து, பெரியம்மாவின் பெயரைத் தைத்துக் கொண்டுவந்தார். இந்த முறை ஓரத்தை மடிக்கவில்லை. சரியாகப் பன்னிரண்டரை அங்குலம். “பெரியம்மா சொல்லிக் குடுத்தாங்க” என்றார்.

யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது, கைம்பெண்கள் அவள் தைத்துக்கொடுத்த ஆடைகளை இராயப்பருக்குக் காட்டி அழுதார்களாம். அதன் பொருள் எங்களுக்கு அன்றுதான் விளங்கியது. வலப்பக்கப் போர்வையில் மூன்றாம் வரிசை, இரண்டாம் கட்டம். கூட்டம் முடிந்ததும் அருகில் வந்து பாருங்கள். அது இன்று மாலைப் பேருந்தில் மலைக்குப் போகிறது.

அன்பர்களே, அடுத்த முறை மலைக்கு மூட்டை கட்டும்போது, கொண்டுபோக என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், கேட்டு வாங்கிவர என்ன இருக்கிறது என்றும் பார்ப்போம். அரை அங்குலம் விட்டுக்கொடுத்தால்தான் இரண்டு துணி சேரும். நமக்கும் அதே கணக்குத்தான்.